கட்டைவிரலை நம்பாதீங்க

பாடாங் செராயில், சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ஆறு கட்டில். ஒவ்வொன்றிலும் முகம் வைக்க ஒரு ஓட்டை.
சுவரில் தோலுரித்த மனிதன் ஒருவன்
சிவப்பாய் நின்று எங்களைப் பார்க்கிறான்.
அவன் முதுகிலுள்ள பெயர்களை
நாளுக்கு எட்டு வீதம் மனப்பாடம் செய்கிறேன்.
ட்ரபீசியஸ், ராம்பாய்ட், இன்னும் வாயில் நுழையாதவை.
நாற்பத்திரண்டு வயதில்
பஸ்ஸில் இவற்றை முணுமுணுத்தால்
பக்கத்து சீட்டுக்காரி மந்திரமென்று நினைத்துத்
தள்ளி உட்காருகிறாள்.

ஆசிரியை ரொஹாயுவுக்கு இருபத்தாறு.
முதல் நாளே கேட்டாள்: கைவேலை ஏதும் பார்த்திருக்கீங்களா, காக்கா?
பார்த்தேன். பதினோரு வருடம், கையுறை ஃபேக்டரி.
சங்கிலியில் தொங்கி வரும் பீங்கான் கைகள்
விரல் விரித்தபடி
ரப்பர் பாலில் முங்கும், காயும், மறுபடி முங்கும்.
ஊசித்துளை இருக்கிறதா பார்ப்பது என் வேலை.
எத்தனை லட்சம் கை!
ஒன்றுக்கும் நாடி கிடையாது,
அடுப்புச் சூடு மட்டும்.

வீட்டில் மசாஜ் என்ற சொல்லே கிடையாது.
"கோர்ஸ்" என்பார் வீட்டுக்காரர்.
அவர் தம்பி ஒருநாள் அந்தச் சொல்லைச் சொல்லி
மீசைக்குள் சிரித்தான்.
அவன் சோற்றில் ரசம் ஊற்றினேன்,
தட்டு வழிகிற வரைக்கும்.
கோயில் தலைவர் மனைவி குரலைத் தாழ்த்தி,
"ஆம்பளைங்களுக்குமா?"
தோள்பட்டை எலும்பில் ஆண்பால் பெண்பால் ஏது
என்று கேட்க வாயெடுத்து,
"பொம்பளைங்களுக்கு மட்டும்" என்றேன்.
அந்தப் பொய் அன்று முழுக்கக்
கழுத்தில் பிடித்துக்கொண்டது. வலப்பக்கம்.
அதன் லத்தீன் பெயர்கூட இப்போது எனக்குத் தெரியும்.

ஜோடி சேர்ந்து பழக வேண்டும்.
என் ஜோடி சியூ ஹுவா, பாசாரில் மீன் செதில் தேய்த்தவள்.
குப்புறப் படுத்தேன். துண்டை இடுப்புவரை இறக்கினாள்.
ஓட்டை வழியே அவள் செருப்பு மட்டும் தெரிந்தது,
அறுந்த வாருக்கு ஊக்கு.
என் முதுகை இதற்கு முன் தொட்டவர்களுக்கெல்லாம்
என்னிடம் ஏதோ வேண்டியிருந்தது.
இவளுக்கு வேண்டியது பன்னிரண்டு மார்க்.
அழுகை வந்துவிட்டது.
சொட்டு சொட்டாய்த் தரையில்.
அவள் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
செருப்பால் அதைத் தேய்த்துவிட்டாள்.

"கட்டைவிரலை நம்பாதீங்க" என்கிறாள் ரொஹாயு,
"ரெண்டே வருஷத்துல தேஞ்சிடும்.
பாதத்துலேர்ந்து வரணும் அழுத்தம்.
கை சும்மா ஒரு குழாய்."
பாதமா?
பன்னிரண்டு மணிநேர ஷிஃப்டு நின்றவளிடமா சொல்கிறாய்!
முட்டியைக் கொஞ்சம் மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்தேன்.
கட்டிலில் கிடந்த ஷஃபிகுல் "ஆ" என்று மூச்சுவிட்டான்.
செம்பனைக் குலை வெட்டுகிறவன்.
அண்ணாந்து அண்ணாந்து
குப்புறக் கிடக்கும்போதும்
அவன் தாடை மேலே எதையோ தேடுகிறது.

ஐம்பது மணிநேரம் காட்ட வேண்டும், லாக்புக்கில், கையெழுத்தோடு.
பெயர், வயது, தொழில், வலி.
நாற்பத்தொன்பதில் நின்றது.
ராத்திரி பதினொன்று.
டிவியை அணைத்துவிட்டு
"இன்னும் எத்தனை?" என்றார் வீட்டுக்காரர்.
"ஒண்ணு."
சட்டையைக் கழற்றி ஹாலில் பாயை விரித்துப் படுத்தார்.
"தொழில்?"
"உனக்குத் தெரியாதா?"
"கேட்டு எழுதணும்."
"லோரி."
"எங்க வலி?"
காற்றாடி சுற்றியது.
"வலியெல்லாம் இல்ல."
இடது தோள்பட்டைக்குக் கீழே
கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று,
கியர் போடுகிற பக்கம்.
விரலால் தொடவில்லை.
முழங்கையை வைத்து, பாதத்தை ஊன்றி, காத்திருந்தேன்.
முக்கால் மணிநேரம் தாண்டித்தான் அது இளகியது.

எழுதினேன். வலி: இல்லை என்கிறார்.

கையெழுத்துப் போடும்போது அதைப் படித்தார்.
போட்டுவிட்டும்
பேனாவைத் திருப்பித் தரவில்லை.